புறாவின் எடை

ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் 18 மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது. 14 ஆர். என் பள்ளிக்கூட மார்க் ஷீட்கூட இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. என் நாயின் வயிற்றுப் புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்த சீழைப் பற்றிய அறிக்கை அது.

தேனுவுக்கு 9 வயது. நாட்டு நாய். ஒவ்வாமை உடம்பு. மழைக்காலம் தொடங்கினால் அடிவயிறும் தொடையிடுக்கும் சிவந்து, கொப்புளம் கட்டி, அதை நக்கி நக்கியே புண்ணாக்கிக்கொள்ளும். மூன்று வருடங்களாக ஒவ்வொரு மழைக்கும் செஃபலெக்சின் மாத்திரைதான். மூன்று வாரம் கொடுக்கச் சொல்வார்கள். ஆறாம் நாள் புண் காய்ந்ததும் நான் நிறுத்திவிடுவேன். மிச்சம் அடுத்த மழைக்கு. ஒருமுறை என் பல்வலிக்கு வாங்கி மீந்துபோனதையும் சோற்றில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் நான் டாக்டரிடம் சொன்னதில்லை. அவர் அறிக்கையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், சொல்லத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது.

“லினசோலிட்டுக்கு எஸ்னு போட்டிருக்கே டாக்டர். அதைக் கொடுத்துடலாமே?”

“கொடுத்தா கேட்கும் சார். ஆனா நான் எழுத மாட்டேன்.”

“ஏன்?”

“மனுஷங்களுக்கே கடைசியா வச்சிருக்கிற மருந்து அது. டிபி முத்தி, வேற எதுவும் கேட்காதவங்களுக்குக் கொடுக்கிறது. இது தோல்ல மேலாப்புல இருக்கிற புண்ணு. ஷாம்பு எழுதித் தர்றேன். தினமும் போட்டுப் பத்து நிமிஷம் ஊற விட்டுக் குளிப்பாட்டுங்க. பார்ப்போம்.”

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கோபம் தலைக்கேறியது. என் கண் முன்னால் ஒரு நாய் ராத்திரியெல்லாம் தூங்காமல் தன்னையே கடித்துக்கொண்டிருக்கிறது. தராசின் இன்னொரு தட்டில் அவர் வைப்பது யாரை? எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரியாத, ஒருவேளை இன்னும் பிறக்கவே பிறக்காத ஒரு நோயாளியை. இல்லாத ஒருவருக்காக இருக்கிற ஒன்றைத் தவிக்கவிடுவது என்ன நியாயம்? அன்று மாலையே ஒரு மெடிக்கலில் லினசோலிட் ஓர் அட்டை வாங்கினேன். சீட்டு கேட்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

தேனுவின் தோலில் இருந்த கிருமியின் பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ். 2005-ல்தான் அதைத் தனி இனமாக வகைப்படுத்திப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் வேறொரு நெருங்கிய இனத்தோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாய்களுக்கு இது விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். நல்ல ஆரோக்கியமான நாயின் மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் காலம் காலமாகக் குடியிருப்பது. தோலில் ஒரு விரிசல் விழும்போது மட்டும் சுயரூபம் காட்டும். மனிதர்களை அரிதாகத்தான் தொற்றும்.

பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாம், செஃபலெக்சின் உட்பட, ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. பாக்டீரியா தன் சுவரை ஓயாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுவரை எழுப்புகிற நொதிதான் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வந்து கொத்தனாரின் கையைக் கட்டிப்போட்டுவிடும். சுவர் இடிந்து கிருமி சாகும். மெக்-ஏ என்கிற மரபணு கையில் இருக்கும் கிருமி இன்னொரு கொத்தனாரை வேலைக்கு வைக்கிறது. மருந்தின் கயிறு அவர் கைக்குப் பொருந்தாது. அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு மரபணு, ஒரு முழு மருந்துக் குடும்பமே வீண். அந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ந்து போகக்கூடிய ஒரு துண்டில் உட்கார்ந்திருக்கிறது. கூடவே வேறு மருந்துகளுக்கு எதிரான மரபணுக்களும் சேர்ந்துகொள்ளும்போது 14 ஆர் வருகிறது.

நான் முதலில் நினைத்தது, ஆறாம் நாளில் மாத்திரையை நிறுத்தி நிறுத்தி நானேதான் தேனுவின் உடம்பில் இந்தக் கிருமியை உருவாக்கிவிட்டேன் என்று. அது சரியில்லை. நாய்களிடம் காணப்படும் இந்த மருந்தெதிர்ப்பு வகையை 2010 வாக்கில் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஐரோப்பாவில் பெரும்பாலும் ஒரு குலமும் வட அமெரிக்காவில் பெரும்பாலும் இன்னொரு குலமும் பரவியிருப்பது தெரிந்தது. ஒவ்வொரு நாயின் தோலிலும் புதிதாகப் பிறப்பதில்லை, நாய்விட்டு நாய் பயணம் செய்கிறது. நான் அதைப் பெற்றெடுக்கவில்லை. அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தேன். மருந்துக்குக் கட்டுப்படும் நல்ல அயலார்களை ஒவ்வொரு மழைக்கும் காலி பண்ணி, கட்டுப்படாதவன் வந்து குடியேற வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன்.

இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருந்தெதிர்ப்பு என்பதே மனிதன் செய்த பாவம் என்ற தொனியில் நிறையப் பேசுகிறோம். ஆனால் அது நம்மைவிட ரொம்பப் பழையது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 வருடம் உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எதிர்ப்பு மரபணுக்களை எடுத்து 2011-ல் எழுதினார்கள். 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் ஒரு பூஞ்சை வாழ்கிறது, அது தானே பென்சிலின் வகைப் பொருளைச் சுரக்கிறது. அதே தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், அதைச் சமாளிக்க மெக்-சி என்ற மரபணுவை வைத்துக்கொண்டிருக்கிறது. ஃப்ளெமிங் பிறப்பதற்கு முன்பே, 1800-களிலேயே, அந்த வகை இருந்திருக்கிறது. மருந்தும் எதிர்ப்பும் அந்தச் சின்ன முள் முதுகுகளில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தன. நாம் செய்தது ஒன்றுதான். அந்தச் சண்டையை எல்லா முதுகுகளுக்கும் பரப்பினோம்.

ஃப்ளெமிங் என்றதும் ஞாபகம் வருகிறது. 1945-ல் நோபல் உரையில் அவர் ஒரு குட்டிக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. பென்சிலின் வாங்கி, போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, பழகிக்கொள்கிறது. அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா. பென்சிலின் கேட்கவில்லை. இறந்துபோகிறார். கொன்றது கணவனின் அலட்சியம்தான் என்று முடிக்கிறார். அறக்கதையாக அது கச்சிதம். குற்றவாளி ஒருவர், இறந்தவர் ஒருவர், இருவரும் ஒரே வீட்டில். நிஜத்தில் இவ்வளவு கச்சிதமாக நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். அலட்சியமே இல்லாமல், அக்கறையினால் மட்டுமே, இது நடந்த இடம் ஒன்று உண்டு.

*

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். லெக்சிங்டனைச் சுற்றியுள்ள புல்வெளிகளில்தான் உலகின் விலையுயர்ந்த பந்தயக் குதிரைகளில் பல பிறக்கின்றன. தரோபிரெட் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் அனுமதி இல்லை. பெட்டைகளை ஆண்குதிரை இருக்கும் இடத்துக்குத்தான் அழைத்து வர வேண்டும். தவிர, எந்த மாதம் பிறந்தாலும் வட அமெரிக்காவில் எல்லாத் தரோபிரெட்டுக்கும் ஜனவரி 1-ல்தான் வயது ஏறும். ஆகவே எல்லோருக்கும் வருஷத்தின் தொடக்கத்திலேயே குட்டி வேண்டும். விளைவு, ஒரே சமயத்தில், ஒரே மேய்ச்சல் நிலங்களில், ஏகப்பட்ட குட்டிகள்.

அந்த மண்ணில் ரோடோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியா இருக்கிறது. 1923-ல் ஸ்வீடனில் குதிரைக்குட்டிகளின் நுரையீரலில் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு. சாணத்திலும் மண்ணிலும் பெருகி, வறண்ட நாட்களில் தூசியோடு பறந்து, சில வாரக் குட்டிகளின் மூச்சுக்குள் போகும். உடம்பின் காவலர்களான விழுங்கணுக்கள் அதை விழுங்கும். ஆனால் அவற்றின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து அது பெருகும். நுரையீரலில் சீழ்க்கட்டிகள். ஒரு காலத்தில் இது வந்த குட்டிகளில் பெரும்பாலானவை செத்தன. 1980-களில் எரித்ரோமைசினையும் ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தபின் நிறையப் பிழைத்தன. பிற்பாடு அந்த இடத்துக்கு அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் வந்தன. அசித்ரோமைசினை நமக்குக் கொரோனா காலம் அறிமுகப்படுத்திவிட்டது. ரிஃபாம்பிசினை வீட்டில் ஒரு காசநோயாளி இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். குதிரைக்குட்டிக்கும் அப்படித்தான்.

இந்த நோய்க்கு நம்பகமான தடுப்பூசி இல்லை. 2000-க்குப் பிறகு பண்ணைகளில் வேறொரு வழி பரவியது. குட்டிகளின் நெஞ்சை அடிக்கடி அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும் குட்டியின் நுரையீரலில்கூடச் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தன. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது.

நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்தக் குட்டி அடுத்த வருடம் கீன்லேண்ட் ஏலத்தில் பெரும் தொகைக்குப் போகலாம் என்பதை விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தாயின் வயிற்றிலிருந்து அதை இழுத்து வெளியே எடுத்தவர் நீங்கள் என்று வையுங்கள். திரையில் கட்டியைக் காட்டிவிட்டு, “காத்திருப்போம்” என்று யாராவது சொன்னால் கேட்பீர்களா? பண்ணைக்காரர்கள் கேட்கவில்லை. கட்டி தெரிந்த குட்டிக்கெல்லாம் இரண்டு மருந்தும் கொடுத்தார்கள், வாரக்கணக்கில். அதில் முதலீடு எத்தனை பங்கு, பாசம் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர்களாலும் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

2012-ல் ஜெர்மனியில் ஒரு பண்ணையில் செய்த ஆய்வு வெளியானது. நோய்க்குறி எதுவும் காட்டாத, கட்டி மட்டும் தெரிந்த குட்டிகளில் ஒரு பிரிவுக்கு மருந்து, ஒரு பிரிவுக்கு வெறும் பொய் மருந்து. மருந்து பெற்றவை மற்றவற்றைவிட வேகமாகக் குணமாகவில்லை. பெரும்பாலான குட்டிகள் தாமாகவே தேறின. அடுத்த வருடமே கென்டக்கியின் ஒரு பண்ணையிலிருந்து மற்ற அறிக்கை வந்தது. எல்லாக் குட்டியையும் சோதித்து மருந்து கொடுத்துவந்த அந்தப் பண்ணையில், இரண்டு மருந்துக்கும் கட்டுப்படாத ரோடோகாக்கஸ் பெருகியிருந்தது.

எப்படி என்பதும் பிறகு தெரிந்தது. இவ்வகை மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. 2015-ல் விவரிக்கப்பட்ட ஈஆர்எம்-46 என்ற மரபணு, அந்த இடத்தில் ஒரு சின்ன மீத்தைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. மருந்தின் கை வழுக்கிவிடும். அந்த மரபணு பிளாஸ்மிட் என்னும் வளையத்தில் ஏறி ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. ரிஃபாம்பிசினுக்கு எதிரானது அப்படி வந்ததல்ல, கிருமியின் சொந்த மரபணு ஒன்றில் நேர்ந்த எழுத்துப்பிழை. இரண்டு மருந்தை ஏன் சேர்த்துக் கொடுக்கிறோம்? ஒன்றுக்குத் தப்பினவன் மற்றதில் மாட்டட்டும் என்றுதான். காசநோய்ச் சிகிச்சையின் அடிப்படையே அதுதான். வந்த வளையமும் நேர்ந்த பிழையும் ஒரே கிருமியில் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. சேர்ந்தது. அந்தக் குலம் அமெரிக்காவின் பல பண்ணைகளுக்குப் பரவி, 2016-ல் கடல் தாண்டி அயர்லாந்திலும் அகப்பட்டது. குதிரைகள் விமானத்தில் போகிறவை.

ஆக, இனி அந்த மண்ணில் பிறந்து நிஜமாகவே மூச்சுத் திணறப்போகும் ஒரு குட்டிக்கு, முன்னால் போன குட்டிகள் தேவையில்லாமல் வாங்கிக்கொண்ட மருந்தின் மீதம்தான் கிடைக்கும். ஃப்ளெமிங்கின் கதையில் கணவனைக் கைகாட்டலாம். இங்கே யாரை?

*

குற்றம் சுமத்த ஆள் கிடைக்காதபோது நாம் வழக்கமாகக் கைகாட்டுவது விலங்கைத்தான். இங்கிலாந்தில் முதியோர் வார்டு ஒன்றில் மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ பரவியதைப் பற்றி 1988-ல் ஒரு கட்டுரை வந்தது. வார்டில் ஒரு பூனை சுற்றிக்கொண்டிருந்தது. கட்டில்களில் ஏறிப் படுக்கும், நோயாளிகளுக்குப் பிடித்த பூனை. அதன் பாதத்தில் கிருமி இருந்தது. பூனையை அகற்றி, சுத்தத்தையும் கூட்டியதும் தொற்று அடங்கியது. பூனைக்கு அது எங்கிருந்து வந்திருக்கும்? அந்தக் கட்டில்களில் இருந்துதான் என்பது என் ஊகம். பிரிட்டனின் நாய் பூனைகளிடம் பின்னாளில் அதிகம் கண்ட எம்ஆர்எஸ்ஏ வகை, அங்குள்ள மனித மருத்துவமனைகளில் பரவியிருந்த அதே வகை. நாம் கொடுத்ததை அவை திருப்பித் தந்தன.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு பட்டியலைச் சட்டமாக்கியது. அதில் உள்ள மருந்துகள் மனிதருக்கு மட்டும், எந்த விலங்குக்கும் கிடையாது. கார்பபெனம்கள் இருக்கின்றன, வான்கோமைசின் இருக்கிறது, லினசோலிட்டும் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம், இன்னும் பல மருந்துகளையும் விலங்குகளுக்கு மறுக்க வழிசெய்யும் ஒரு தீர்மானம் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வந்தது. குறி இறைச்சிப் பண்ணைகள் மீதுதான் என்றார்கள் கொண்டுவந்தவர்கள். எங்கள் நாயும் பூனையும் செத்துப்போகும் என்று ஜெர்மனியில் கால்நடை மருத்துவர்கள் பெரிய கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். தீர்மானம் தோற்றது. செல்லப்பிராணியின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வாக்கு மாறும். கோழிக்கு முகம் இல்லை.

கோழியைச் சொன்னதும் வழக்கமான வாதம் வரும். விலங்குகளுக்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக்கில் பெரும்பகுதி உணவுக்காக வளர்க்கப்படுபவைக்குத்தான் போகிறது. சளிக்குக்கூட மனிதர்கள் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இதற்கு நடுவில் என் நாயின் பத்து மாத்திரை எந்த மூலைக்கு? இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். பண்ணைகளைத் தட்டிக்கேட்காமல் ஒரு நாயின் வலியில் போய்ச் சிக்கனம் பேசுவது அயோக்கியத்தனமாகக்கூட இருக்கலாம். ஆனால் கென்டக்கியில் ஒவ்வொருவரும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியமும் இதேதான். என் ஒரு குட்டியால் என்ன ஆகிவிடும்.

சிபிச் சக்கரவர்த்தி கதையில் புறாவும் பருந்தும் இரண்டுமே ராஜாவின் முன்னால் நிற்கின்றன. பருந்துக்கும் பசி நிஜம். ராஜா புறாவின் எடைக்கு எடை தன் தொடையிலிருந்து அறுத்துத் தருகிறான். சின்ன வயதில் ரத்தம் மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது யோசித்தால், அந்தக் கதை நிற்பதே இரண்டு விஷயத்தில். பருந்து கண்ணுக்குத் தெரிகிறது, அறுபடுவது அவன் சதை. லினசோலிட்டைத் தேனுவுக்குக் கொடுக்கும்போது இரண்டுமே இல்லை. புறாவை மடியில் வைத்துக்கொண்டு, யாருடையதென்று தெரியாத தொடையிலிருந்து நான் அறுக்கிறேன்.

அதற்காக டாக்டர் சொன்ன காரணத்தை முழுதாக ஏற்றுக்கொண்டேன் என்றும் இல்லை. “மனுஷங்களுக்கு வச்சிருக்கிற மருந்து” என்பது ஒரு காரணம். “இந்தப் புண்ணுக்கு அது வேண்டாம்” என்பது வேறொரு காரணம். அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டாவது எனக்குப் புரிகிறது. முதலாவதில் நெருடல் இருக்கிறது. எதிர்ப்பு பெருகினால் நாளை சாகப்போவது மனிதன் மட்டுமில்லை. இன்னொரு நாய், இன்னொரு குதிரைக்குட்டி. மருந்தைக் காப்பாற்றி வைப்பது மனிதனுக்காக மட்டும் என்று கோடு போட்டால், மிச்சம் பிடிக்கச் சொல்லி இந்த உயிர்களிடம் கேட்டுவிட்டு, மிச்சத்தில் பங்கு கிடையாது என்கிறோம். ஐரோப்பியச் சட்டம் அதைத்தான் செய்கிறது. தேவையின் அளவைப் பார்த்து மறுக்கலாம். இனத்தைப் பார்த்து மறுப்பது சரியென்று இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதை அவரிடமே ஒருநாள் கேட்டேன். “ஒருவேளை ரத்தத்துல கலந்திருந்தா?”

கொஞ்ச நேரம் தேனுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். “எழுதியிருப்பேன்னு நினைக்கிறேன். தெரியல சார். அப்ப நீங்க கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது.”

*

ஷாம்பு குளோரெக்சிடின் கலந்தது. பத்து நிமிடம் ஊற வேண்டும் என்பது கேட்கச் சுலபம். ஈர நாயை மொட்டை மாடியில் பத்து நிமிடம் அசையாமல் பிடித்து வைத்துப் பாருங்கள். முதல் வாரம் தினமும் இரண்டு சட்டை நனைந்தது. அலுவலகத்துக்கு இரண்டு நாள் தாமதம். மூன்றாவது நாளில் அட்டையை வெளியே எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாத்திரையைச் சோற்றில் வைத்தால் முடிந்தது. அப்போதுதான் தைத்தது, நான் இத்தனை நாள் வலி வலி என்று பேசிக்கொண்டிருந்ததில் என் வலி எவ்வளவு என்று. முந்தைய மழைகளில் செஃபலெக்சின் கொடுத்தபோதும் இதே ஷாம்புவை எழுதித் தந்திருந்தார்கள். பாட்டில் பிரிக்காமலே கிடந்தது. மாத்திரை நாய்க்கு மருந்து, எனக்கு நேரம்.

சுமார் ஆறு வாரத்தில் புண் ஆறியது. வயிற்றில் மயிர் முளைத்துவிட்டது. கிருமி போய்விட்டதா என்றால், இல்லை, தோலின் எங்கேயோ இருக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். அடுத்த மழைக்கு மறுபடி வரலாம். அந்த முறை மேலாப்பில் நிற்காமல் உள்ளே இறங்கலாம். இறங்காமலும் போகலாம்.

அட்டை மேஜை டிராயரில் கரண்ட் பில்லுக்கு அடியில் கிடக்கிறது. போன வாரம் அம்மா எதையோ தேடும்போது கையில் எடுத்தாள்.

“யாருக்குடா இந்த மாத்திரை? பிரிக்கவே இல்ல. தேதி முடியப்போகுது பாரு. தூக்கிப் போட்டுடவா?”

“குப்பையில போட்டா அதுவும் மண்ணுலதான்மா போய்ச் சேரும்.”

“அப்ப தேனுக்கா?”

நான் பதில் சொல்லவில்லை. அம்மா அதைப் பழையபடி பில்லுக்கு அடியில் வைத்து டிராயரை மூடினாள்.